நாற்பத்தைந்தல்ல, நாலரை

சின்னவளுக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான். கட்டி முடித்து ஒரு வருடம்கூட ஆகாத கட்டடம். வண்டி நிறுத்துகிற அடித்தளத்தைக் காலையில்தான் கழுவிவிட்டிருந்தார்கள். தூண்கள் எல்லாம் முழங்கால் உயரத்துக்கு ஈரம் குடித்துக் கறுத்துக் கிடந்தன. அப்படிப்பட்ட தூணில் கருவியை வைத்து அழுத்தினால் அறுநூறு என்று காட்டுகிறது. ஈரக் கான்கிரீட் அறுநூறு காட்டினால் எருமை மாடு ஏரோப்பிளேன் ஓட்டுகிறது என்றும் நம்பலாம்.

அவளுடைய பிழைப்பே இந்தக் கருவிதான். முழங்கை நீளம் இருக்கும், வரிசையாக நான்கு முனை, முனைக்கொரு ஈரப் பஞ்சு. தூணிலோ சுவரிலோ வைத்து அழுத்தினால் துளி மின்சாரத்தை உள்ளே அனுப்பி, அது போக எவ்வளவு சிரமப்படுகிறது என்று எண்ணாகச் சொல்லும். மின்தடைத்திறன் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். மின்சாரம் சிரமப்பட்டுப் போனால் நல்ல கான்கிரீட். சுலபமாகப் போனால் உள்ளே ஈரமும் உப்பும் புகுந்துவிட்டது என்று பொருள். அங்கே கம்பி துருப்பிடிக்கும். இருபதுக்கு மேலே இருந்தால் கவலை இல்லை. பத்துக்குக் கீழே போனால் மோசம். ஐந்துக்குக் கீழே போனால் கம்பியைத் துரு தின்றுகொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இருபதும் பத்தும் ஐந்தும் கிலோ ஓம் சென்டிமீட்டர் என்கிற அலகில் சொல்வது. ஆனால் ஆய்வகத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விலை பேசுகிறவர்கள் காசின் பெயரையா சொல்கிறார்கள்? எண்ணைச் சொன்னால் போதும்.

பஞ்சை மறுபடி நனைத்து வைத்துப் பார்த்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூறு. அடுத்த தூணில் அறுநூற்றுப் பத்து. கருவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று திரையைக் கண்ணருகே கொண்டுவந்தபோதுதான் மூலையில் கடுகளவு எழுத்தில் இருந்ததைப் படித்தாள்.

ஓம் மீட்டர்.

கிலோ என்றால் ஆயிரம். சென்டி என்றால் நூற்றில் ஒன்று. ஆயிரத்தை நூறால் வகுத்தால் பத்து. ஒரு கிலோ ஓம் சென்டிமீட்டருக்குப் பத்து ஓம் மீட்டர். ஆக, திரையில் தெரிகிற எண்ணைப் பத்தால் வகுக்க வேண்டும். அறுநூறு என்பது அறுபது. இந்தத் தூணுக்கு அறுபது நல்ல ஆரோக்கியம். இந்தக் கட்டடத்துக்கு ஒரு கேடும் இல்லை. அப்பாடா என்று இழுத்த மூச்சை அவளால் வெளியே விட முடியவில்லை.

எத்தனை நாளாக இது இப்படி இருக்கிறது?

போன மாதம் திரை செத்துப்போய்க் கருவி ரிப்பேருக்குப் போனது. உள்ளே எதையோ மாற்றிக் கொடுத்தார்கள். அதோடு அலகும் மாறிவிட்டிருக்கிறது. திரும்பி வந்த பிறகு அதை வைத்து அளந்தது ஒரே ஒரு இடம்தான். அது அவளுடைய அக்கா குடியிருக்கும் கட்டடம்.

பெரியவள் இருந்தது நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. மேலே இருந்த பழைய தண்ணீர்த் தொட்டி வெடித்துப் போனதிலிருந்து அங்கே யார் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வருவதில்லை. கீழே பிடித்து வாளி வாளியாகச் சுமந்துகொண்டுதான் ஏற வேண்டும். புதிதாகப் பெரிய தொட்டி ஒன்று வைக்கலாம் என்று பேச்செடுத்த நேரம் பார்த்துப் படிக்கட்டை ஒட்டிய தூணில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. கட்டடம் தாங்குமா என்று பாதிப் பேர் கேட்டார்கள். பூச்சு விழுந்ததற்கு இவ்வளவு பயமா என்று மீதிப் பேர் கேட்டார்கள். கூட்டம் போட்டுப் போட்டுச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் பெரியவள்தான் எழுந்து நின்று, "என் தங்கச்சிக்கு இதுதான் வேலை. அவ வந்து அளந்து சொல்லட்டும். அவ வாயில பொய் வராது," என்றாள்.

சின்னவள் போய் அளந்தாள். படிக்கட்டுத் தூணின் மூன்று பக்கமும் நூற்றுப் பத்தை ஒட்டிக் காட்டியது. நான்காவது பக்கம், கழிவுநீர்க் குழாய்கள் இறங்குகிற சந்துக்குள் இருப்பது, நாற்பத்தைந்து. 'இங்க மட்டும் என்ன இவ்வளவு கம்மி' என்று அன்றைக்கே மனசில் பட்டது. இரண்டாம் தடவையும் அளந்து பார்த்தாள். அதே நாற்பத்தைந்து. சரி, வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேலே இருக்கிறதே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சண்டை அன்றோடு முடிந்தது.

நாற்பத்தைந்து இல்லை. நாலரை.

கருவியைப் பைக்குள் திணித்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

போன் போட்டாள். பெரியவள் எடுத்ததும் எடுக்காததுமாக, "உனக்கு ஆயுசு நூறுடி. இப்பதான் எல்லாரும் உன்னைப் பத்திப் பேசிட்டிருந்தோம்," என்றாள். பின்னால் ஒரே பேச்சும் சிரிப்புமாகக் கேட்டது.

"அக்கா, அந்தத் தொட்டி..."

"வச்சாச்சு. இப்ப மோட்டார் போடப் போறோம். எல்லாரும் மொட்டை மாடியிலதான் நிக்கிறோம். நீயும் வந்திருக்கலாம்."

"போடாதீங்க அக்கா. தண்ணி ஏத்தாதீங்க."

"என்னது?"

"தண்ணி ஏத்த வேணாம்னு சொல்றேன்."

"ஒண்ணும் கேக்கலடி. காத்து வேற. எதுனாலும் நேர்ல வந்து சொல்லு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அக்கா வீட்டுக்காரருக்கு, அத்தானுக்குப் போட்டாள். அவர் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருப்பவர். அவருடைய போன் எப்போதும் ஏதாவது துணிக்குவியலுக்கு அடியில்தான் கிடக்கும்.

அடுத்ததாக ஆய்வகத்து முதலாளியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"நாலரைன்னா கம்பி போயிடுச்சுன்னு அர்த்தமா? நீயே சொல்லு," என்றார் அவர்.

"இல்ல சார். துருப்பிடிக்க வழி இருக்குன்னு அர்த்தம். எவ்வளவு பிடிச்சிருக்குன்னு உடைச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"அவ்வளவுதானே? அடுத்த வாரம் போய் மறுபடி அளந்து, திருத்தின அறிக்கைன்னு ஒண்ணு குடுத்துடுவோம். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காத. திறந்தா ஆய்வகத்தை இழுத்து மூடிட்டு ரெண்டு பேரும் தெருவுல நிக்க வேண்டியதுதான்."

"மேல பத்து டன் தண்ணி ஏறிட்டிருக்கு சார். என் அக்கா அங்க இருக்கா."

"நீ எனக்குப் போன் பண்ணல. நான் எடுக்கவும் இல்ல," என்று வைத்துவிட்டார்.

வாடகை வண்டி பிடித்தாள். பாலத்தின் மேல் ஒரு லாரி படுத்துவிட்டதால் வண்டிகள் எறும்பு ஊர்வது போல் ஊர்ந்தன. "இறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாமா?" என்று கேட்டாள். "நடந்தா முடியாது, ஓடினா போகலாம்," என்றார் ஓட்டுநர் விளையாட்டாக. அவள் இறங்கி ஓடவே ஆரம்பித்துவிட்டதைக் கண்டு அவருக்கு வாய் பிளந்தது. தோளில் கருவிப் பை. அதற்குள் பூச்சைத் தட்டிப் பார்க்க வைத்திருக்கும் சுத்தியலும் உளியும் ஒவ்வோர் எட்டுக்கும் இடுப்பில் இடித்தன. வயது நாற்பதைத் தாண்டியவள், கடைசியாக எப்போது ஓடினாள் என்று அவளுக்கே நினைவில்லை. 'பொறு, பொறு' என்று மனசுக்குள் யாரிடமோ கெஞ்சிக்கொண்டே ஓடினாள். அக்காவிடமா, அந்தத் தூணிடமா என்று அவளுக்கே தெரியவில்லை.

தெருமுனை திரும்பும்போதே மோட்டார் சத்தம் கேட்டது.

நடையில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு நாற்காலி போட்டு, ஏதோ தேரை இழுத்து நிலைக்குக் கொண்டுவந்தவர் போல உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கட்டடத்தில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். சின்னவள் நேரே மோட்டார் அறைக்குள் போய் சுவிட்சை அணைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்று எழுந்து வந்தார் அவர்.

"எவ்வளவு ஏறியிருக்கு?"

"பாதி ஏறிடுச்சு. ஏன்?"

"நான் குடுத்த அறிக்கை தப்பு சார். நாப்பத்தஞ்சுன்னு எழுதினது நாலரை. அந்தத் தூண் தாங்குமான்னு எனக்குத் தெரியாது. தண்ணியை இறக்கிடுங்க. எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க."

செயலாளர் அறிவிப்புப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய அறிக்கையை நகல் எடுத்து அங்கே ஒட்டியிருந்தார்கள். "இதோ போட்டிருக்கே, நாப்பத்தஞ்சுன்னு. அடியில கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான். கருவியில நாப்பத்தஞ்சுன்னுதான் காட்டிச்சு. ஆனா அது வேற அலகு. அதைப் பத்தால வகுக்கணும். நான் பாக்கல."

"அப்ப எண் தப்பில்ல?"

"எண் சரி. அலகு தப்பு."

"எண் சரிங்கிறீங்க, ஆனா தப்புங்கிறீங்க." அவர் குரலில் கோபம்கூட இல்லை. குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "எதுல அளக்குறோம்னே பாக்காம கையெழுத்துப் போட்டவங்க, இன்னிக்குச் சொல்றது மட்டும் சரின்னு நான் எப்படிம்மா நம்புறது?"

நியாயமான கேள்வி. அவர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் மறுபடி உறுமியது. அவள் சுவிட்சுப் பெட்டிக்கு மேலே இருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சத்தம் நின்றதும் மாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். என்ன, என்ன என்று கேட்டவர்களுக்குச் செயலாளர் சொன்ன பதில் ஒரு வாய்க்கு ஒரு வாய் வளர்ந்து, தங்கைக்கு மூளை கலங்கிவிட்டது என்கிற அளவுக்குப் படியேறிப் போயிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியவள் வந்தாள். நல்ல புடவையில் இருந்தாள். முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

"உள்ள வா. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வீட்டுக்குப் போகக் கூடாது அக்கா. யாருமே மேல போகக் கூடாது."

"நான் இவங்க எல்லார்கிட்டயும் என்ன சொல்லியிருக்கேன்னு தெரியுமா உனக்கு? என் தங்கச்சி சொன்னா அது கல்லுல எழுதின மாதிரின்னு சொல்லியிருக்கேன். ரெண்டு வருஷமா வாளி தூக்கித் தூக்கி இந்தப் பொம்பளைங்களுக்குத் தோள்பட்டை இறங்கிப் போச்சு. இன்னிக்குத்தான் முகத்துல சிரிப்பைப் பாக்குறேன். இப்ப வந்து ஃபியூஸைப் பிடுங்கி வச்சிருக்க. என்ன விளையாட்டுடி இது?"

"அது தப்பாப் போச்சு அக்கா. நான்தான் தப்புப் பண்ணேன்."

"அப்ப இதுவும் தப்பா இருக்கலாம்ல?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, கழுத்தில் அளவு நாடா தொங்க, அத்தான் ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி இறங்கி வந்தார். முட்டிவலிக்காரர். "என்ன கொழுந்தியா, நாடாவைத் திருப்பிப் பிடிச்சிட்டியா? ஒரு பக்கம் அங்குலம், ஒரு பக்கம் சென்டிமீட்டர். நானும் ஒரு தடவை அப்படி வெட்டி, மாப்பிள்ளை சட்டை பொம்மைக்குக்கூடப் பத்தாமப் போச்சு," என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"அதேதான் அத்தான். ஆனா இது பத்து மடங்கு," என்றாள் அவள். அத்தான் மட்டும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

சின்னவள் சுத்தியலையும் உளியையும் எடுத்தாள். "பேச்சு வேணாம். தூணை ஒரு சாண் உடைச்சுப் பாப்போம். கம்பி நல்லா இருந்தா நானே பூசிக் குடுக்குறேன். இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன். குழாய்ச் சந்தோட சாவியைக் குடுங்க சார், அந்தப் பக்கம்தான் பாக்கணும்."

"சாவியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது," என்றார் செயலாளர். "ஃபியூஸ் கட்டையை முதல்ல குடுங்க. இல்லன்னா போலீசைக் கூப்பிடுவேன்."

பெரியவள் போய்த் தூணின் முன்னால் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். "உடைக்கணும்னா என்னை உடைச்சுட்டு உடை."

அக்காள் தங்கை இருவரும் மூச்சு வாங்க எதிரெதிரே நின்றார்கள். தாய் போன பிறகு சின்னவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு வளர்த்தவள் இவள். அந்தக் கண்ணில் இப்படி ஒரு வெறுப்பைச் சின்னவள் பார்த்ததே இல்லை.

"நீ நிக்கிற இடம்தான் அக்கா எனக்குப் பயம்," என்றாள்.

பெரியவள் கையை நீட்டினாள். "குடு. நீ ஒரு தடவை கையெழுத்துப் போட்டது போதும். நான் உடைக்கிறேன்."

"இந்தப் பக்கம் வேணாம் அக்கா. பின்பக்கம்தான்..."

"தூண் ஒண்ணுதானே?"

உளியை வைத்து ஓங்கி அடித்தாள். சமையலும் துவையலும் பார்த்த கைதான். ஆனால் வாளி சுமந்து உரம் ஏறிய கை. பூச்சு உதிர்ந்தது. உள்ளே கான்கிரீட் கல்லாக இறுகியிருந்தது. மாற்றி மாற்றி அடித்ததில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது. செயலாளர் குனிந்து டார்ச் அடித்தார். உள்ளே கம்பி நேற்று வாங்கிக் கட்டியது போலச் சாம்பல் நிறத்தில், துருவின் பொட்டுக்கூட இல்லாமல் இருந்தது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "போதுமாம்மா?" என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். பெரியவள் சுத்தியலைக் கீழே போட்டாள். உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியிருந்தது. தங்கையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். யாரோ தங்கள் வீட்டிலிருந்து வேறொரு ஃபியூஸ் கட்டையைக் கொண்டுவந்து மாட்டி, சுவிட்சைப் போட்டு, அறையைப் பூட்டினார்கள். மோட்டார் ஓடத் தொடங்கியது.

சின்னவள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றாள். கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் இந்தப் பக்கத்து நூற்றுப் பத்து என்பது பதினொன்று. பதினொன்றுக்கு இது சரிதான். நாலரை அந்தப் பக்கம். ஆனால் அந்தப் பக்கமும் இப்படியே இருந்துவிட்டால்? இருந்தால் நல்லதுதானே என்று மனசின் ஒரு மூலை கேட்டது. நல்லதுதான், அவளுக்கும் வேறென்ன வேண்டும்? தான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போக வேண்டும், கடவுளே, என்று வேண்டிக்கொண்டேதான் சந்தின் கதவுக்குப் போனாள். பூட்டு துருப்பிடித்த பழைய பூட்டு. சுத்தியலின் இரண்டே அடியில் வாயைப் பிளந்தது.

சந்துக்குள் ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். மேலே நான்கு வீட்டுக் கழிவுக் குழாய்கள். எங்கோ ஒரு இணைப்பில் சொட்டுச் சொட்டாக ஒழுகி, தூணின் முகத்தில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. அளக்க வந்தபோதும் இதெல்லாம் இருந்ததுதான். எண் நன்றாக இருந்ததால் கண் பார்க்கவில்லை. அவள் உளியை வைத்துத் தட்டினாள். ஓங்குவதற்குக்கூட இடமில்லை, ஓங்கவும் வேண்டியிருக்கவில்லை. ஊறின ரொட்டி மாதிரி ஒரு பெரிய துண்டு தானாகப் பெயர்ந்து காலடியில் விழுந்தது. உள்ளே கம்பி என்று ஒன்று இருந்த இடத்தில் மரப்பட்டை போலப் பழுப்பு அடுக்கு. விரலால் தொட்டதும் அது ஏடு ஏடாக உரிந்து வந்தது. உரிந்தது போக உள்ளே மிஞ்சியது பென்சில் கனம்கூட இல்லை. கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருந்த வளையங்களைக் காணவே காணோம்.

"அக்கா," என்று கூப்பிட்டாள். மோட்டார் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "யாராவது வாங்க." யாரும் வரவில்லை. வெளியே போய் மறுபடி ஒவ்வொருவராகக் கெஞ்ச வேண்டும், நம்புவதற்குள் தொட்டி நிறைந்துவிடும். அந்த இருட்டுச் சந்தில், அழுக்கு நீர் தலையில் சொட்ட, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள்.

"தள்ளு, நான் பாக்குறேன்." அத்தான். மேலே போகாமல் படியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். வயிற்றை எக்கிக்கொண்டு சந்துக்குள் புகுந்து கையை விட்டார். ஊசிக் காதைத் தடவியே நூல் கோக்கிற விரல்கள். தடவத் தடவ அவர் முகம் மாறியது. உதிர்ந்து கிடந்த துருவை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல், அந்தக் காலோடு நான்கு மாடியும் ஏறினார். சின்னவள் பின்னால் போனாள்.

மொட்டை மாடியில் எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். அத்தான் நேரே பெரியவளிடம் போய், "கையை நீட்டு," என்றார். அவள் நீட்டிய கையில், கொப்புளத்தின் மேலேயே, அந்தப் பழுப்புத் தூளைக் கொட்டினார். "இது கம்பி. மறுபக்கத்துக் கம்பி. தொட்டதுக்கே கையோட வந்துடுச்சு."

பெரியவள் அதைப் பார்த்தாள். கசக்கிப் பார்த்தாள். பிறகு தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். தலை, தோள் எல்லாம் சாக்கடைத் தண்ணீரும் சுண்ணாம்புமாக அவள் நின்ற கோலம். பெரியவள் திரும்பிப் போய்த் தொட்டியின் அடியில் இருந்த கழிவு வால்வை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள்.

"என்ன பண்றீங்க?" என்று செயலாளர் ஓடிவந்தார்.

"மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் அவள். "நான்தானே அவளைக் கூட்டிட்டு வந்தேன்? நானே சொல்றேன். எல்லாரும் கீழ இறங்குங்க. பிள்ளைங்களைத் தூக்கிட்டு இறங்குங்க."

தண்ணீர் மொட்டை மாடியில் பரந்து, வடிகால் வழியே நான்கு மாடி உயரத்திலிருந்து தெருவில் கொட்டியது. சில பெண்கள் ஆத்திரம் தாங்காமல் கீழே ஓடி அதன் அடியில் வாளியை வைத்துப் பிடித்தார்கள். பிடித்துக்கொண்டே திட்டினார்கள். சந்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த செயலாளர் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். கடைசி ஆள் இறங்குகிற நேரத்தில், இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக் கதவைப் பூட்ட முடியவில்லை என்றார்கள். காலையில் சரியாக மூடின கதவு, இப்போது நிலையில் பொருந்தவில்லை. பக்கத்துச் சுவரில் மயிரிழை போல ஒரு கோடு மேலிருந்து கீழே ஓடியிருந்தது.

நகராட்சிப் பொறியாளர் வந்து சந்துக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் இரும்பு முட்டுகளைக் கொண்டுவந்து தூணைச் சுற்றி நிறுத்தச் சொல்லி, வாசலைப் பூட்டி முத்திரை வைத்தார். "தொட்டி நிறைஞ்சிருந்தா விழுந்திருக்குமா?" என்று சின்னவள் கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். "விழுந்திருக்கலாம். விழாமலும் இருந்திருக்கலாம். யாரால சொல்ல முடியும்?" அவளுக்கு அதைவிடத் தெளிவான பதில் யாரிடமும் கிடைக்கவே இல்லை.

சின்னவளுக்கு வேலை அடுத்த நாளே போனது. கட்டடத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு உறவுக்காரர் வீடுகளுக்குச் சிதறினார்கள். உயிரைக் காப்பாற்றினாள் என்று சொன்னவர்களும் உண்டு. முதலிலேயே ஒழுங்காக அளந்திருந்தால் தொட்டி வேலையே செய்திருக்க மாட்டோம், பழுது பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருப்போம் என்று போன் போட்டுக் கேட்டவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்டதில் பொய்யில்லை. ஒவ்வொரு போனையும் அவள் எடுத்தாள். "ஆமாங்க, என் தப்புதாங்க," என்றாள்.

பெரியவளும் அத்தானும் வேறு போக்கிடம் இல்லாமல் அவளுடைய இரண்டு அறை வீட்டுக்கு வந்தார்கள். பெரியவள் அவளோடு பேசவில்லை. "உங்க கொழுந்தியாளைச் சாப்பிட வரச் சொல்லுங்க," என்பாள் அத்தானிடம். அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் நடுவில் நான்கு எட்டுத்தான் தூரம். அத்தான் தபால்காரர் மாதிரி அங்கேயே உட்கார்ந்து, "சாப்பிட வரணுமாம்," என்பார். சின்னவள் சாப்பிட்டாள் என்று பேர். தூங்கினாள் என்று பேர். கண்ணை மூடினால், அந்தச் சந்தில் அவளே நின்றுகொண்டு, நாற்பத்தைந்து நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்வது கேட்டது.

மழைக்கு முன்னால் ஒரு நாள், வீட்டுக்கு இரண்டு பேராகத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போய் அவசியமான பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நகராட்சியில் சொன்னார்கள். அத்தானின் முட்டி அன்றைக்கு ஏறியதில் வீங்கியது வற்றவே இல்லை. மிஷின் இல்லாமல் அவருக்குப் பிழைப்பும் இல்லை. ஆக, அக்காளும் தங்கையும்தான் போனார்கள்.

முட்டுகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து ஏறினார்கள். வீட்டில் எல்லாம் விட்டது விட்டபடி கிடந்தது; பாதி தைத்த திரைச்சீலை மிஷினின் ஊசிக்கடியில் அப்படியே இருந்தது. பெரியவள் நூலை அறுத்துத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மேசையிலிருந்து மிஷினைக் கழற்றி ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பழைய இரும்பு மிஷின், பிணக் கனம் கனத்தது. சின்னவள் பின்பக்கமாகவே படியிறங்கினாள். திருப்பத்தில் கால் ஒரு முட்டில் தட்டி அவள் தடுமாற, மிஷின் ஒரு பக்கம் சரிந்தது.

"பாத்துப் பிடிடி," என்றாள் பெரியவள். "கீழ விட்டுட்டு, இதுவும் என் தப்புத்தான்னு ஊருக்கெல்லாம் போன்ல சொல்லிட்டிருக்காத. கேக்க முடியல என்னால."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் முகம் மிஷினுக்கு அந்தப் பக்கம் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. அதில் கோபம் குறைந்திருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"பிடிச்சிருக்கேன் அக்கா."

"இன்னும் ரெண்டு மாடி இருக்கு. மெதுவா இறங்கு."

இறங்கினார்கள்.